ஒன்றரைக் கட்டை

"அண்ணே, ஒன்றரைக் கட்டை எறக்கணும்னு போன்ல சொன்னீங்களே, அது மழைப் பாட்டுக்கு மட்டுமா, இல்ல டூயட் எல்லாத்துக்குமா?" என்று அந்தத் திண்டுக்கல்காரர் கேட்டாரே, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இன்றைக்கு ஒருநாள் மட்டும் பேஸ் கிடார் வாசிக்க வந்த மனுஷன், குழுவின் ரகசியம் அவருக்கு எப்படித் தெரியும். கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் சுருதி தானாக இறங்கிவிடும், கிடாரில் அந்த வசதி இல்லை, கேட்டுத்தான் ஆகவேண்டும், கேட்டார். பக்கத்தில் மைக்கைத் தட்டி ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டிருந்த ரேணுகாவின் காதில் விழும் என்று அவர் யோசிக்கவில்லை, விழுந்தால் என்ன? யோசித்தவர் கீபோர்டு இம்மானுவேல் அண்ணன்தான். ரேணுகாவை ஒரு பார்வை பார்த்தார், பிறகு தரையில் கிடந்த வயரைப் பார்த்தார், "எல்லாத்துக்கும்தாம்ப்பா" என்று வாய்க்குள்ளேயே சொன்னார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஹால் நிறைந்துவிட்டது, மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து அலங்கார நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள், போட்டோ எடுக்க ஆட்கள் வரிசை கட்டிவிட்டார்கள், மண்டபத்தின் பின்பக்கம் பரோட்டாக் கல்லில் டங்கு டங்கென்று சத்தம் கேட்கிறது, ரேணுகா சின்ன மேடையின் ஓரத்தில் பட்டுப்புடவை கசங்காமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சிரிக்க வேண்டும். பரமானந்தம் சாரின் குழுவில் பாடகி உட்கார்ந்திருக்கும்போதும் சிரிக்க வேண்டும், அது சட்டம். முதல் பாட்டு பிள்ளையார் பாட்டு, அதை அவள் புருஷன் குகன் கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடிக்கொண்டிருக்கிறான். உருகு, நல்லா உருகு. அது கீழேயே உருளுகிற பாட்டு, மேலே ஏறவே வேண்டாம், மூச்சு எடுக்க வரிக்கு வரி இடம் இருக்கிறது, அதனால்தான் அதை மட்டும் விடாமல் பாடுகிறாய். அடுத்தது வெறும் டிரம்ஸும் கீபோர்டும் போடும் ஆட்டம். மூன்றாவது மழைப் பாட்டு, இரண்டு பேரும் சேர்ந்து பாடுவது. அதற்குள் அவள் ஏதாவது செய்ய வேண்டும். என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பதால் தாடை வலிக்கிறது.

ஒரு வருஷமாக அவள் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள். ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, எல்லாரும். சுருதியைக் குறைத்தால் வாசிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், தெரிந்தே ஆகவேண்டும், தபலாக்காரன் தபலாவைத் தட்டித் தட்டிச் சேர்ப்பானே, அவனுக்குத் தெரியும், புல்லாங்குழல்காரர் வேறு குழலை எடுப்பாரே, அவருக்குத் தெரியும். அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியாது. முதலில் அரைக் கட்டை குறைத்திருப்பார்கள், அப்புறம் ஒரு கட்டை, இப்போது ஒன்றரை, இட்லி மாவில் தண்ணீர் சேர்ப்பது மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக. அவனுடைய மேல் வரிகள் எட்டும் உயரத்துக்கு வந்தன; அவளுடைய கீழ் வரிகள் கிணற்றுக்குள் போயின. பல்லவியில் "நனைந்தேன்" என்று இறங்குகிற இடம், அவளுக்குப் பிடித்த இடம், அங்கே போய் நின்றால் குரலே இல்லை, வெறும் காற்று, உதடு அசைகிறது, மைக்கில் ஒன்றும் வரவில்லை. பயந்துபோனாள். தனியாகப் பாடும் பாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது, வீட்டில் போனில் கரோக்கே வைத்துப் பாடினால் அதே மழைப் பாட்டு கணீரென்று வருகிறது, மேடையில் இவன் பக்கத்தில் நின்றால் மட்டும் போய்விடுகிறது. அவனிடமேதான் போய் அழுதாள். வேறு யாரிடம் போவாள். அவன் என்ன சொன்னான்? அவள் தலையைத் தடவிக்கொடுத்து, "என்கூடப் பாடுறப்ப மட்டும் ஏன் ரேணு பயப்படுற? நான் உன் புருஷன்தானே" என்றான். கேட்டீர்களா அநியாயத்தை. புருஷன்தானே! "வீட்ல எல்லாரும்தான் பாடுவாங்க, மேடையில வர்றதுதான் குரல். கீழ் ஸ்தாயில சாதகம் பண்ணு" என்று பாடம் வேறு. அவளும் விடிகாலையில் எழுந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் திட்டத் திட்ட, கீழே கீழே என்று தொண்டையை அமுக்கிச் சாதகம் பண்ணினாள். அவன் போர்வைக்குள் புரண்டு படுத்துக்கொண்டு "ம், பரவால்ல, இன்னும் வரணும்" என்றான். எந்த மனசோடு சொன்னான்? ராத்திரி மேடையில் இம்மானுவேல் அண்ணன் பட்டனைத் தட்டுவார் என்று தெரிந்துகொண்டே அப்படிச் சொல்ல ஒரு மனுஷனுக்கு வாய் வருமா? வந்ததே. போன வாரம் பரமானந்தம் சார் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக்கொடுத்து, "தனிப்பாட்டெல்லாம் குறை சொல்ல முடியாதும்மா, டூயட்லதான் உன் குரல் எழும்பவே மாட்டேங்குது. ஆவணி முகூர்த்தத்துலருந்து டூயட்டுக்கு அந்த சிவகாசிப் பொண்ணு வரட்டும், நீ கோரஸ்ல நில்லு, கோவிச்சுக்காத" என்றார். சாருக்குத் தெரியாது, அவர் ஒருத்தருக்குத்தான் உண்மையிலேயே தெரியாது, அவர் அறிவிப்பாளராக இருந்து குழு ஆரம்பித்தவர், அவருக்குக் கட்டையும் தெரியாது மட்டையும் தெரியாது, கைதட்டு விழுகிறதா என்று மட்டும்தான் தெரியும். ஆனால் அந்த இடத்தில் குகனும்தான் இருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தான். கோரஸ் என்ற வார்த்தை விழுந்தபோது டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டியில் திரும்பும்போது "விடு, நேரம் சரியில்ல" என்றான். நேரமாம். நேரத்தின் கழுத்தைப் பிடித்துத் திருக வேண்டும்.

பிள்ளையார் பாட்டு முடிந்து நாலு பேர் கைதட்டுகிறார்கள். குகன் மேடையை விட்டு இறங்கி, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போகிறான். தண்ணீர் குடிக்க என்று மற்றவர்களுக்கு. அவள் மூக்குக்குத் தெரியும் எதற்கென்று. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு துண்டு அதிமதுரத்தைக் கடித்துக்கொண்டு வருவான், தொண்டைக்கு நல்லதாம், அந்த இனிப்பு நாற்றத்துக்கு அடியில் புகை நாற்றம் பிணம் மாதிரி படுத்திருக்கும். காலேஜில் எவனோ ஒருத்தன் சொன்னானாம், சிகரெட் பிடித்தால் குரலில் கனம் ஏறும், ஆண்மை வரும், பெரிய பாடகர்கள் எல்லாரும் ரகசியமாகப் பிடிப்பவர்கள்தான் என்று. அதை நம்பி ஆரம்பித்தான். ஆரம்பத்தில் கரகரப்பு வந்தது, அதைக் கனம் என்று நினைத்துக் குழுவே கொண்டாடியது, அவளும்தான் கொண்டாடினாள், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, அந்தக் கரகரப்பைக் கேட்டுத்தான் மயங்கினாள். கனம் இல்லை அது, அரம் வைத்து ராவுகிற சத்தம். வேனில் ஜன்னலை மூடிக்கொண்டு பிடிப்பான், ஏசி போய்விடும் என்று, அவள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் சுருண்டு கிடப்பாள், ஊருக்கு ஊர், நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி. ஆனால் குரல் போகிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போனது அவள்தான். தொண்டைக்குள் குழாய் விட்டு விளக்கடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் அவளைப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் அனுப்பினார். சின்னப் பெண், இவளைவிட இளையவள், ஏதோ ஆராய்ச்சிக்காகப் பாடுகிறவர்கள் பாடாதவர்கள், சிகரெட் பிடிக்கிறவர்கள் பிடிக்காதவர்கள் என்று இளவட்டங்களாகக் கூப்பிட்டு உட்காரவைத்து மூச்சை அளந்துகொண்டிருந்தாள். ஒரே மூச்சில் ஆ சொல்ல வேண்டும், குழாயில் பலமாக ஊத வேண்டும். வரிசையில் இவளுக்கு முன்னால் ஒரு ஆட்டோக்காரர், இவள் வயசுதான் இருக்கும், ஆ என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே புஸ்ஸென்று நின்றுபோய், மார்பைத் தடவிக்கொண்டு, "பீடிதான் மேடம், வேற என்ன, ஸ்டாண்ட்ல நின்னா கை தானாப் போயிருது" என்று சிரித்தார். என்ன அழகாகச் சொன்னார். பாடாதவர், மறைக்க அவருக்கு ஒன்றும் இல்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவரே சொல்லிவிடுகிறார். ரேணுகா சொன்ன ஆ நீண்டுகொண்டே போனது, அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். "அக்கா, உங்க மூச்சுல ஒரு குறையும் இல்ல. சொல்லப்போனா சாதாரண ஆளுங்களவிட நல்லாவே இருக்கு." சந்தோஷப்பட வேண்டிய இடம். அவளால் முடியவில்லை. உடம்பில் கோளாறு இல்லை என்றால் கோளாறு எங்கே, மனசிலா, அப்படியானால் இவன் சொன்னதுதான் சரியா, பயமா, புருஷனைப் பார்த்து ஒருத்திக்கு அவ்வளவு பயமா?

அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். அது இப்போதுதான் புரிகிறது, அன்றைக்கு இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டாள். "பாடுறவங்க மூச்சக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பழகினவங்க. அதனால சிகரெட் பிடிக்கிற பாடகருங்க ரொம்ப நாளைக்கு வெளிய தெரியாமச் சமாளிச்சுருவாங்க. நீளமான வரி வரணும், மேல போகணும், அப்பத்தான் மாட்டுவாங்க" என்றாள். பிறகு, "வீட்ல யாராவது பிடிக்கிறாங்களா அக்கா?" ரேணுகா இல்லை என்று சொன்னாள். ஏன் சொன்னாள்? அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் என்பதற்காகவா, அவன் மானம் போகக்கூடாது என்பதற்காகவா. மானம்! அந்தப் பெண் கதவைத் திறந்து எட்டிப்பார்த்து, "சார், நீங்களும் பாடகர்தானே, வந்ததுக்கு ஒரு தடவ ஊதிப் பாருங்களேன்" என்று கூப்பிட்டாள், அவன் போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். போனில் யாரும் இல்லை. அதுவும் அவளுக்குத் தெரியும். எல்லாம் தெரியும், எதையும் சேர்த்துப் பார்க்கவில்லை, பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டாள், அதற்காகத் தன்னையே நாலு அறை அறைய வேண்டும்போல் இருக்கிறது. வீட்டு மாடிப்படியில் திருப்பத்தில் நின்று போனைப் பார்ப்பானே, தினமும் அதே படியில் யாருடைய செய்தி வருகிறது? காலையில் பாத்ரூமில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு இருமுவானே, தண்ணீர்ச் சத்தத்தில் மறைகிறதா அது? அந்த இருமலை நினைத்தால் கோபத்துக்குள்ளே இன்னொன்று முளைக்கிறது, சில்லென்று, அதைப் பார்க்கக்கூடாது, அதைப் பார்த்தால் கோபம் போய்விடும், கோபம் போனால் இவள் மறுபடியும் அவனுக்கு வெந்நீர் போட்டுக்கொடுத்துக்கொண்டு கோரஸில் நிற்பாள். இருபத்தெட்டு வயசில் ஒருத்தன் ஒரு மாடி ஏற நின்று நின்று ஏறினால் அந்த நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது? வேண்டாம். இப்போது வேண்டாம். இன்னும் ஒன்று இருக்கிறது, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது: தாங்கிக்கொடுப்பது. மேடையில் ஒருத்தருக்கு மூச்சு அறுந்தால் பக்கத்தில் நிற்பவர் மீதி வரியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கேட்கிறவர்களுக்கு அது ஏற்பாடு மாதிரியே தோன்றும், குழுவில் இது தர்மம். ஒரு வருஷமாக அவனுடைய ஒவ்வொரு நீள வரியின் வாலையும் அவள்தான் தாங்கினாள். தாங்கி முடித்து, தன் வரிக்கு மூச்செடுக்க நேரம் இல்லாமல் அந்தக் கிணற்றுக்குள் குதித்தாள். அதைத்தான் சார் எழும்பவில்லை என்றார். அவனுக்கு மூச்சையும் கொடுத்து, சுருதியையும் கொடுத்து, கெட்ட பெயரையும் தானே எடுத்துக்கொண்டிருக்கிறாள், இதைவிட இளிச்சவாய் உலகத்தில் உண்டா. அவனாவது ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னால் முடியவில்லை ரேணு என்று சொல்லியிருந்தால் அவளே பட்டனைத் தட்டியிருப்பாள்.

டிரம்ஸ் ஆட்டம் முடிகிறது. பொடிசுகள் மேடைக்கு முன்னால் ஆடி வியர்த்து நிற்கின்றன. அவன் வருகிறான், அதிமதுரம் கன்னத்தில் துருத்திக்கொண்டிருக்கிறது, அவளைப் பார்த்து "ரெடியா? பயப்படாமப் பாடு, என்ன" என்றான். அந்த ஒரு வார்த்தைதான். அவள் எழுந்தாள், அவனைத் தாண்டி நேராகக் கீபோர்டுக்குப் போனாள், குனிந்தாள், சிரிப்பை மட்டும் விடவில்லை. "அண்ணே, ஒரிஜினல்ல வைங்க." இம்மானுவேல் அண்ணன் கை விசைகள் மேலேயே நின்றது. "ரேணு, அவன் தாங்க மாட்டான்மா." "நான் மட்டும் தாங்கினேனாண்ணே? ஒரு வருஷமா நான் ஆஸ்பத்திரிக்கு நடந்தனே, ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?" "அவன் கையப் பிடிச்சுக் கெஞ்சுனாம்மா. சொன்னா உன் முன்னாடி நிக்கவே முடியாதுன்னான்." "வைங்கண்ணே. இல்லன்னா மைக்குல சொல்லிட்டு வைக்கச் சொல்லுவேன்." அவர் பட்டனைத் தட்டினார், ஒரு தடவை, இன்னொரு தடவை, இன்னொரு தடவை, திண்டுக்கல்காரரைப் பார்த்து "ஒரிஜினல்" என்றார், அவர் சரிதான் என்று தலையாட்டிவிட்டு விரலை மேலே நகர்த்தினார், அவருக்கு எல்லாம் ஒன்றுதான், புல்லாங்குழல்காரர் பையில் கைவிட்டு வேறு குழலைத் தேடினார். முன்னிசை எழுந்தது. வெளிச்சமாக இருந்தது, ஜன்னலைத் திறந்துவிட்ட அறை மாதிரி. குகன் முகம் சட்டென்று திரும்பியது. அவனுக்குக் காது இருக்கிறது, மூச்சுதான் இல்லை. அதற்குள் அவள் வரி வந்துவிட்டது. பாடினாள். "நனைந்தேன்" என்று இறங்கினாள், காலுக்குக் கீழே தரை இருந்தது, கெட்டியாக, அவள் குரல் அதில் ஊன்றி நின்றது, அவளுக்கே கேட்டது, ஹாலின் கடைசிச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்து கேட்டது. மிக்சருக்குப் பக்கத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்த பரமானந்தம் சார் பேச்சை நிறுத்திவிட்டு மேடையைப் பார்த்தார். அழக்கூடாது, அழுதால் குரல் போய்விடும், பாவிகளா, இது என்னிடம் இருந்ததடா, முழுசாக இருந்ததடா.

முதல் சரணம் அவனுடையது. பிடித்தான். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. நீள வரியின் நடுவில் மூச்சு அறுந்தது, கடைசி வார்த்தைக்கு முன்னால் ஒரு பள்ளம் விழுந்தது, தபலா மட்டும் கேட்கிறது, குழு மொத்தமும் அவளைப் பார்க்கிறது, தாங்கு, தாங்கிக்கொடு, அவள் மைக் வாய்க்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறது. அவள் தாங்கவில்லை. அவன் மேல் ஸ்வரத்தைக் கத்திப் பிடிக்கப் போய், குரல் இரண்டாகப் பிளந்து, இருமல் மைக்கிலேயே விழுந்தது. போட்டோவுக்கு நின்ற மணப்பெண் திரும்பிப் பார்த்தாள். இடையிசை ஆரம்பித்ததும் அவன் மைக்கைத் தொடையோரம் தாழ்த்தி, இடது கையைப் பின்னால் கொண்டுபோய், கட்டைவிரலைக் கீழ்நோக்கி இரண்டு முறை ஆட்டினான். கண்ணைத் திருப்பாமல் செய்தான். இம்மானுவேல் அண்ணன் விரலும் கண்ணைத் திருப்பாமல் பட்டனுக்குப் போனது. எத்தனை மேடையில் பழகியிருந்தால் இவ்வளவு சுத்தமாக வரும். "கை வைக்காதீங்கண்ணே" என்றாள். விரல் நின்றது. குகன் அவள் பக்கம் வந்து, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே காதருகில் குனிந்தான், மூச்சு அவள் கன்னத்தில் துண்டு துண்டாகப் பட்டது. "மூச்சு வரல ரேணு. எறக்கச் சொல்லு." "எவ்வளவு நாளா வரல?" "ரேணு, இங்க வச்சு என்ன…" "எவ்வளவு நாளான்னு கேட்டேன்." அவளும் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். "போன சித்திரைலருந்து" என்றான். "பயம்னு சொன்னீங்களே." "என்ன சொல்றதுன்னு தெரியல. வீட்ல போய்ப் பேசலாம், இப்ப எறக்கச் சொல்லு, அடுத்த சரணம் வந்துருச்சு." மார்பைத் தடவிக்கொண்டான். அது அவளை என்னவோ செய்தது, செய்யட்டும், அதையும் சேர்த்து அவன்மேல்தான் கோபம். நிம்மதியாகக் கோபப்படக்கூட விடமாட்டேன் என்கிறான். குழல் இழைந்து முடிகிற இடம் வந்துவிட்டது. இம்மானுவேல் அண்ணன் குகனைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். இரண்டாவது சரணம், அவனுடைய வரி. அவன் மைக்கைத் தூக்கி வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை. அவள் ஒரு அடி முன்னால் வந்து அந்த வரியை எடுத்தாள், வாலை இல்லை, முதலிலிருந்து எடுத்தாள். அவன் நரம்பு புடைக்கத் தொங்கிப் பிடித்த மேல் ஸ்வரம் அவளுக்கு நடு வீடு மாதிரி, போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். பந்தியிலிருந்து எழுந்து வந்தவர்கள் கையைத் துடைத்துக்கொண்டே நின்று கேட்டார்கள். பின்னால் அவன் இருமினான், நிறுத்த முடியாமல் இருமினான். அவளுக்குக் கேட்டது. அடுத்து அவளுடைய வரி வந்தது, அதையும் பாடினாள்.